வாய் மூடிய பிறகு பேச்சு! பழைய கல்யாணக் கேசட்டை மாற்றுவோர் கவனிக்க வேண்டியவை

பெங்களூர், மே: அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் வட்டாரங்களில் பல தமிழ்க் குடும்பங்களின் பீரோக்களில் 1980, 90-களில் எடுத்த கல்யாண வீடியோ கேசட்டுகள் இன்றும் பத்திரமாக உள்ளன. கேசட் போடும் டெக் தயாரிப்போ 2016-ம் ஆண்டோடு நின்று போயிற்று. ஆகவே அவற்றைக் கம்ப்யூட்டர் பைலாக மாற்றி வைக்கப் பலரும் விரும்புகிறார்கள்.

மாற்றிய பின் சிலருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. காலஞ்சென்ற தாத்தா மணமக்களை வாழ்த்துகிறார். அவர் வாயை மூடிய பிறகே குரல் கேட்கிறது. தவில்காரரின் கை மேலே போகும்போது அடி விழுகிறது. "கேசட்டே கெட்டுவிட்டது" என்று தூக்கிப் போட்டு விடுகிறார்கள். பெரும்பாலும் கேசட்டில் குற்றம் இல்லை.

எந்த வகைக் கோளாறு?

படத்தின் ஆரம்பம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றிலும் ஒரே அளவு பிசகு என்றால் கவலையில்லை. வி.எல்.சி. பிளேயரில் ஜே, கே எழுத்துகளை அழுத்தினால் ஒலி 50 மில்லி செகண்டு வீதம் முன்னும் பின்னும் நகரும். எத்தனை தடவை அழுத்தினால் உதடும் பேச்சும் சேர்கின்றன என்று எண்ணி, எடிட்டிங்கில் ஒலியை அந்த அளவு நகர்த்தினால் தீர்ந்தது.

சினிமாக் கொட்டகையிலும் இந்தத் தொல்லை உண்டு. 35 எம்.எம். பிலிமில் ஒரு காட்சிக்குரிய ஒலி, அந்தப் படத்துக்குச் சுமார் 20 படங்கள் முன்னால் பதிந்திருக்கும். ஆபரேட்டர் பிலிமை மாட்டும்போது வளைவின் அளவு தவறினால் ரீல் முழுவதும் வாய் வேறு, பேச்சு வேறுதான். விசில் பறக்கும்!

ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப் போகப் பிசகு வளர்ந்தால் அது வேறு வியாதி. நம் நாட்டு வீடியோ கேசட்டில் செகண்டுக்கு 25 படங்கள். தேய்ந்த நாடா தடுமாறும்போது மாற்றும் கருவி சில படங்களை விழுங்கிவிடும். ஒலியோ விடாமல் ஓடும். 25 படம் போனால் பேச்சு ஒரு செகண்டு பிந்தும். இங்கே ஒலியை மொத்தமாக நகர்த்திப் பயனில்லை. ஆரம்பம் சேர்ந்தால் முடிவு பிரியும். நாடாவின் தடுமாற்றத்தைச் சீராக்கும் 'டைம் பேஸ் கரெக்டர்' வைத்து மறுபடி பதிவு செய்வதே நல்லது. முடியாவிட்டால் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒலியைச் சேர்க்க வேண்டும். தாலி கட்டும் நேரத்துக் கெட்டி மேளம் இதற்கு நல்ல அடையாளம்.

குரல் தடித்தால்...

செகண்டுக்கு 48,000 மாதிரி வீதம் பதிந்த ஒலியை 44,100 என்று கணக்கிட்டு ஓட்டினால், ஒரு மணி நேர ஒலி 65 நிமிடமாக நீளும். பெண் குரல்கூடத் தடித்துவிடும். இந்த எண்ணைத் திருத்தினாலே போதும்.

செல்போனில் எடுத்த படத்துக்கும் இதே கதி வரலாம். மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தால் போன் தானே படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் கணக்கு குழம்பும். வெட்டுவதற்கு முன்பே 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச சாப்ட்வேரில் ஒரே சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடையில் கொடுத்து மாற்றுவோர், பணம் தருமுன் கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுக் காட்டச் சொல்லலாம். அது சரியாக இருக்கும்வரை கேசட்டைக் குப்பையில் போட வேண்டாம்.