தேநீர்ச் சாயத்தில் ஒரு மலை

பிரிஞ்சாங்கில் மழை பிடித்துக்கொண்டால், சின்னப் பிள்ளைகள் கைப்பேசியோடு முடங்கிவிடுகிறார்கள். பாலர் பள்ளி செல்லும் என் தங்கைக்கு நான் கொடுப்பது தேயிலைச் சாயம். விடுமுறையில் நீங்களும் செய்து பாருங்கள்.

காலையில் வடிகட்டிய தேயிலைச் சக்கையை அரைக் குவளை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் வடிகட்டினால் இளம்பழுப்பு கிடைக்கும். அடர்பழுப்பு வேண்டுமென்றால் புதிய தேயிலைத் தூள் ஒரு கரண்டி போடுங்கள். அதில் கொஞ்சம் தனியே எடுத்துத் துருப்பிடித்த ஆணியைப் போட்டுவைத்தால், ஓரிரு நாளில் கறுத்துவிடும். தேயிலையின் டானின் இரும்போடு சேர்வதே காரணம். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் எழுதிய மையும் டானினும் இரும்பும் கலந்ததுதான். வெந்நீரும் ஆணியும் உங்கள் பொறுப்பு. சாயத்தைக் குடிக்க விடாதீர்கள்.

பஞ்சுக்குச்சிதான் தூரிகை, பழைய அட்டைப்பெட்டிதான் தாள். தூரத்து மலைக்கு இளநிறம், பக்கத்து மலைக்கு அடர்நிறம். காய்ந்த சக்கையைப் பசையில் ஒட்டினால் தேயிலைச் செடிகள்.

தீக்குச்சியிலும் சைக்கிள் வால்வு ரப்பரிலும் அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்த இந்தியப் பொறியாளர் அரவிந்த் குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விலை கொடுத்து வாங்கும் பொருளைவிடப் பிள்ளையின் கைக்கு வேலை கொடுப்பதே முக்கியம்.

அதனால் தூரிகையைப் பிடுங்கித் திருத்தாதீர்கள். என் தங்கை செடிகளுக்குக் கீழே மேகத்தைத் தீட்டினாள். எங்கள் மலைமேல் நின்று பார்த்தால் மேகம் அப்படித்தான் தெரியும்.