ரசீது ஒரு வீட்டில், வயிற்றுவலி இன்னொரு வீட்டில்

முக்கொம்புக்குப் பிள்ளைகளோடு போய்விட்டுத் திரும்பும்போது அரைக் கிலோ இனிப்போ ஒரு பொட்டலம் முறுக்கோ வாங்காமல் வருகிறவர்கள் குறைவு. எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஒன்று, ஸ்ரீரங்கத்துப் பெரியம்மாவுக்கு ஒன்று. வெறுங்கையோடு படி ஏறக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். நல்ல பழக்கம்தான். ஆனால் நம் வீட்டுக்கு வாங்கும்போது முகர்ந்து பார்க்கிற நாம், கொடுப்பதற்கு வாங்கும்போது பெட்டியின் அழகோடு நின்றுவிடுகிறோம்.

போன வருஷம் பெரியம்மாவுக்கு நான் கொண்டுபோன பால்கோவா பெட்டியில், அடியில் ஒட்டியிருந்த தாளை உரித்தால் பச்சைப் பூஞ்சை. "ஆசையா வாங்கிட்டு வந்தான், சொன்னா மனசு நோகும்" என்று குப்பையில் போட்டுவிட்டார். பத்து நாள் கழித்துப் பேரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் ரசீது தொலைந்துவிட்டது. பலகாரம் கெட்டுப்போன எத்தனையோ புகார்கள் இப்படித்தான் வாய் திறக்காமலே போகின்றன.

ரசீதை வாங்குங்கள். 2022 ஜனவரி 1 முதல் உணவுக்கடை ரசீதில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) தரும் 14 இலக்க எண் இருந்தாக வேண்டும். தட்டில் வைத்து உதிரியாக விற்கும் இனிப்புக்கும், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும். இது 2020 அக்டோபர் 1 முதலே சட்டம். எழுதவில்லையா, கேளுங்கள். பெட்டியையும் சேர்த்து எடை போட்டால் தடுத்து நிறுத்துங்கள். அந்தப் புகாரைத் தொழிலாளர் துறை அமலாக்கப் பிரிவில் கொடுக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம் வேண்டவே வேண்டாம். ரோடமைன்-பி சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது.

கெட்டது கைக்கு வந்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள். பெட்டி, மிச்சம், ரசீது மூன்றையும் படம் எடுத்து, உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அன்றே அனுப்புங்கள். எழுத்தாகக் கொடுப்பதானால் மாவட்ட நியமன அலுவலருக்கு. நாமே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வுக்குக் கொடுக்க 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். இந்த நிபந்தனையைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் கடை கடையாக ஏறி இறங்கும் அதிகாரிகளும் இதை மக்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

இன்னொன்று. காசு கொடுத்தவர் மட்டும் நுகர்வோர் அல்ல. அவர் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். பெரியம்மாவே நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ரசீது மட்டும் வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், ரசீது.

பெட்டியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "சரியில்லைன்னா தயங்காம சொல்லுங்க பெரியம்மா, பில் என்கிட்ட இருக்கு."