இணையத்தின் கதவுகள் மூடிக்கொண்டனவா?

“இணையம் முன்பு போல் இல்லை” என்ற ஆதங்கத்தை இன்று பலரிடமும் கேட்கிறோம். தொடக்கத்தில் அது எல்லாருக்கும் பொதுவான வெளியாக இருந்தது, இப்போதோ ஒரு சில பெரிய நிறுவனங்களின் கைக்குள் அடங்கிவிட்டது என்பதே அந்த ஆதங்கம். இது எந்த அளவுக்கு உண்மை? உலகம் பயன்படுத்தும் கைப்பேசிகள் உருவாகும் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியிலிருந்து பார்த்தால், இக்கேள்விக்கான விடை சற்றுத் தெளிவாகிறது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. அந்நாள்களில் தமிழைத் திரையில் காண்பதே பெரும்பாடு. ஒருவர் அனுப்பிய எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால், வெறும் குறியீடுகளே தெரியும். இச்சிக்கலைத் தீர்க்க, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு வழிவகுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் போன்றோரின் முயற்சியால் மதுரைத் திட்டம் பிறந்தது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, ஊதியம் எதுவும் பெறாமல் அனைவருக்கும் இலவசமாக வழங்கினார்கள். அந்தக் காலத்தின் திறந்த மனத்திற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஆனால், அந்தக் கதவு யாருக்குத் திறந்திருந்தது? கணினி, தொலைபேசி இணைப்பு, ஓரளவு ஆங்கிலம் ஆகிய மூன்றும் உள்ளவர்களுக்கே. சிற்றூரிலிருந்து வேலை தேடி வரும் ஏழைப் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. நிலைமை மாறியது கைப்பேசியால்தான். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டாலும், ஃபாக்ஸ்கான் போன்ற நிறுவனங்களால் அத்தொழில் இங்கே தொடர்கிறது. 2016இல் ஜியோ வந்தபின் இணையக் கட்டணமும் வெகுவாகக் குறைந்தது. இன்று விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண், இரவுப் பணி முடிந்ததும் ஊரிலிருக்கும் தாயின் முகத்தைத் திரையில் பார்த்துப் பேசுகிறார். அவரைப் பொறுத்தவரை இணையம் வீழ்ச்சியடையவில்லை. இப்போதுதான் அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் நாம் இழந்தது என்ன? முன்பு ஒருவர் எழுதியதை எவரும் தேடிப் படிக்கலாம். தவறு இருந்தால் அங்கேயே சுட்டிக்காட்டலாம். இன்று நம் உரையாடல்களில் பெரும்பகுதி வாட்ஸ்அப் குழுக்களுக்குள் நடைபெறுகிறது. அங்கே நம் அந்தரங்கம் காக்கப்படுவது நல்லதே. எனினும், அத்தகைய குழுவுக்குள் பொய் ஒன்று நுழைந்துவிட்டால், உண்மை தெரிந்தவர் பல வேளைகளில் வெளியே நிற்கிறார்.

இதன் விளைவை 2021 டிசம்பரில் நம் கண்முன்னே கண்டோம். ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப் வழியே வதந்தி பரவியது. தோழிகளின் நிலை தெரியாமல் தவித்த பெண்கள், டிசம்பர் 17ஆம் நாள் இரவு சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். யாரும் இறக்கவில்லை என்பதே உண்மை. ஆலையோ 2022 ஜனவரி 12ஆம் நாள்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

இங்கே வதந்தியை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. உணவு கெட்டிருந்தது உண்மை. தொழிலாளர்களின் சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்திற்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. உண்மை உரிய நேரத்தில் வந்து சேராத இடத்தில்தான் வதந்தி வேர்விடுகிறது. மூடிக்கிடந்தது இணையத்தின் கதவு மட்டுமல்ல.

2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அஞ்சிய பலர் ஊர் திரும்பினர். அப்போது தமிழகக் காவல்துறை, அம்மக்களுக்குப் புரியும் இந்தி மொழியிலேயே மறுப்பை வெளியிட்டது. பொய் மறைவில் பரவும்போது, உண்மை வெளிப்படையாக, கேட்பவரின் மொழியில் பேசப்பட வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2018ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாளுக்குப் பொய்ச் செய்திகளைக் கருப்பொருளாக எடுத்துக்கொண்டதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

திறந்த இணையம் அழிந்துவிடவில்லை. மதுரைத் திட்டம் இன்றும் நூல்களை இலவசமாகவே வழங்குகிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம். இவற்றை வாழவைப்பது எந்த நிறுவனமும் அல்ல, பிறருக்காகத் தம் நேரத்தைக் கொடுத்த மனிதர்களே.

எனவே, உறுதியாகத் தெரியாத செய்தியை நம்மோடு நிறுத்திக்கொள்வோம். நம் பங்கில் வாடகை வீடுகளிலும் விடுதிகளிலும் வாழும் தொழிலாளர்களிடம் நேரில் சென்று நலம் விசாரிப்போம். கலங்கி நிற்கும் வேளையில் அவர்கள் நம்பிக்கையோடு அழைத்துக் கேட்கக்கூடிய ஒருவராக நாம் இருந்தால், எந்த வதந்தியும் அவர்களை நடுஇரவில் சாலைக்குக் கொண்டுவராது.