உறைபனிக்கு ஒரு காவலன்

மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலில் வானம் தெளிந்த இரவுகளே அஞ்சத்தக்கவை. மேகப் போர்வை இல்லாதபோது நிலம் தன் வெப்பத்தை விண்ணுக்கு இழந்துவிடுகிறது. உறைபனி இறங்கி உருளைக்கிழங்கு போன்ற செடிகளைக் கருக்கிவிடுகிறது. அதற்கு முன்பே உழவரை எழுப்பும் காவலனை நாமே வீட்டில் செய்யலாம்.

2005-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ என்னும் சிறு பலகையே இதன் மூளை. அதிலுள்ள மைக்ரோகண்ட்ரோலர், சென்சார் தரும் வெப்பநிலையைப் படித்து, 3 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் மணியை ஒலிக்கச் செய்யும்.

சென்சாரைத் தேர்வதில்தான் கவனம் தேவை. மலிவான டிஎச்டி 11 பூச்சியத்துக்குக் கீழே அளக்காது; 2 டிகிரி வரை பிழையும் காட்டும். சமவெளிக்கு அது போதும், மலைக்குப் போதாது. டிஎஸ் 18பி20 என்பதோ பூச்சியத்துக்குக் கீழே 55 டிகிரி வரை அளக்கும். பூச்சியத்தை ஒட்டிய அளவில் அதன் பிழை அரை டிகிரிதான். அதன் மின்சாரக் கம்பிக்கும் தகவல் கம்பிக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றை இணைக்க வேண்டும்.

சென்சாரைக் கூரையடியில் வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். தெளிந்த இரவில் தரையையொட்டிய காற்றே முதலில் குளிர்கிறது. ஆகவே செடியின் உயரத்திலேயே வைக்க வேண்டும். மணி ஒலித்தால், நாற்றுகளை வைக்கோலால் மூட நேரம் கிடைக்கும்.

இடமறிந்து அளப்பதே அறிவியல். நண்பர்களே, முயன்று பாருங்கள்!