காட்டுக்கு எந்தக் கத்தி?

1982இல் வெளிவந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் வைத்திருந்த கத்தியை அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்துக் கத்திக் கலைஞர் ஜிம்மி லைல் செய்துகொடுத்தார். நீண்ட அலகு, முதுகில் ரம்பப் பற்கள், தூண்டில் நூலும் தீக்குச்சியும் அடைத்துவைக்கக் குழாய்போன்ற பிடி. படத்தின் வெற்றிக்குப் பிறகு அதன் மலிவு நகல்கள் உலகெங்கும் கடைகளுக்கு வந்தன. காட்டில் தங்கப் போகிறவர் இப்படியொன்றை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பலரை விட்டுப் போகவில்லை. ஆனால் பிடி உள்ளீடற்றதாக இருந்தால் அலகின் அடிப்பகுதி அதற்குள் ஆழமாக இறங்க வழியில்லை. நகல்கள் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் முறிகின்றன.

காட்டையே வகுப்பறையாக்கியவர்கள் தேர்ந்தெடுத்தது வேறு. எளிய கருவிகளைக் கொண்டு காட்டில் தங்கி, தீ மூட்டி, தேவையானதைச் செதுக்கிக்கொள்ளும் கலைக்கு 'புஷ்கிராஃப்ட்' என்று பெயர். கனடாவில் அதைப் பல்லாண்டுகள் கற்றுக்கொடுத்தவர் மோர்ஸ் கொச்சான்ஸ்கி. கத்தி அலகின் நீளம் உள்ளங்கை அகலம் இருந்தால் போதும் என்பது அவர் சொன்ன அளவு. காரணம் இருக்கிறது. முகாமில் கத்திக்கு விழும் வேலைகள் குச்சி சீவுவதும், கயிறு அறுப்பதும், மீன் கழுவுவதும், காய் நறுக்குவதும்தான். அலகு சிறிதாக இருந்தால் நுனி எங்கே போகிறது என்பது விரலுக்குத் தெரியும்.

அந்த அளவுக்குப் பொருத்தமான கத்தி சுவீடனின் மோரா ஊரிலிருந்து வருகிறது. அங்கே 1891இல் தொடங்கிய ஃப்ரோஸ்ட்ஸ் நிறுவனமும் 1912இல் தொடங்கிய கே. ஜே. எரிக்சன் நிறுவனமும் 2005இல் ஒன்றாயின. மோராக்னிவ் என்பது அதன் இன்றைய பெயர். தச்சர்களும் மின்பணியாளர்களும் அன்றாடம் புழங்கும் கத்தி இது. பத்து சென்டிமீட்டர் சொச்சம் அலகு, வழுக்காத பிளாஸ்டிக் பிடி, எளிய உறை, விலையும் குறைவு. பார்க்க ஒன்றுமில்லைதான். இதன் அருமை தெரிவது சாணைக்கல்லில். அலகின் இரு பக்கமும் ஒரே தட்டையான சரிவாக இறங்கி வாயில் முடிகிறது. அந்தச் சரிவைக் கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் கோணம் தானே அமைந்துவிடும். புதியவருக்கு இதைவிட உதவும் அம்சம் வேறில்லை, ஏனென்றால் மழுங்கிய கத்தியை அழுத்தி அறுக்கும்போதுதான் கை வழுக்குகிறது. குறை என்று பார்த்தால், தடித்த காயை மெல்லிசாக நறுக்க முடியாது. இந்தச் சரிவு காயைப் பிளந்துவிடும்.

கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா? கார்பன் எஃகு சீக்கிரம் கூர் ஏறும்; ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். கடலோரமும் மழைக்காடும் சுற்றுகிறவர் தயங்காமல் ஸ்டெயின்லெஸ் வாங்கலாம். கத்தி முதுகின் விளிம்பு மழுங்கலாக இல்லாமல் சதுரமாக இருந்தால், தீப்பொறிக் கம்பியை அதில் உரசி நெருப்பு மூட்டலாம்.

கத்தி முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கும் பழக்கம் உண்டு. அதற்கு அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓட வேண்டும். மலிவான மோராக்களில் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. கடைசிவரை ஓடும் 'கார்பெர்க்' 2016இல்தான் வந்தது. விறகு பிளப்பதே முக்கிய வேலையென்றால் கோடாலி வாங்குவதுதான் முறை.

கோடாலியில் தலையின் எடையைவிடப் பிடியின் நீளத்தை முதலில் பார்க்க வேண்டும். 1902 முதல் இயங்கும் சுவீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் ப்ரூக் பட்டறையில் ஒவ்வொரு தலையிலும் அதை அடித்த கொல்லர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறிக்கிறார். அவர்களுடைய சிறிய காட்டுக் கோடாலிக்கு ஏறக்குறைய அரை மீட்டர் பிடி. மொத்த எடை ஒரு கிலோவுக்குள். அதைவிடக் குட்டையான கைக்கோடாலி பையில் அடங்கும் என்பதால் பலரும் அதையே வாங்குகிறார்கள். அதுதான் அதிக ஆபத்தானது. நீண்ட கோடாலி குறி தப்பினால் பெரும்பாலும் தரையில் இறங்கும். குட்டைக் கோடாலி வெட்டுகிறவரின் முழங்காலுக்கோ கெண்டைக்காலுக்கோ வந்துவிடும். ஆகவே கைக்கோடாலியால் பிளக்கும்போது மண்டியிட்டு, விறகை ஒரு கட்டையின்மேல் வைத்து வெட்ட வேண்டும். மரப்பிடி வாங்கும்போது அடிமுனையைப் பாருங்கள். மரத்தின் ரேகைகள் கோடாலி வாய் இருக்கும் திசையிலேயே ஓட வேண்டும்; குறுக்கே ஓடினால் பிடி சீக்கிரம் பிளக்கும்.

முதல்முறை முகாமுக்குப் போகிறவருக்குக் கோடாலியே தேவைப்படாமல் போகலாம். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையை மடக்கு ரம்பம் குறைந்த எடையில், குறைந்த ஆபத்தில் அறுத்துவிடும். சிறு கத்தியும் மடக்கு ரம்பமும் நல்ல தொடக்கம்.

நம் ஊர்க் காடுகளைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கத்தியும் அடங்குகிறது. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். முதுமலைக்கோ ஆனைமலைக்கோ கிளம்புமுன் வனத்துறையிடம் கேளுங்கள். அனுமதி இல்லையென்றால் கத்தியையும் கோடாலியையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.