எல்லைப்புறத்து விடுகதைகள்

பெங்களூருக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவில், ஒரு புறம் சிப்காட் தொழிற்பேட்டையின் இயந்திரசாலைகளும் மறுபுறம் ரோஜா வளரும் பசுமைக்குடில்களும் சூழ்ந்திருக்க, தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் ஓசூர்ப் பிரதேசத்திலே, இன்ன பாஷைக்கே உரியது என்று எவரும் தனியுரிமை கொண்டாட முடியாதபடி எல்லார் வீட்டிலும் புழங்கிவரும் செல்வம் ஒன்று உண்டென்றால், அது விடுகதைதான். அன்றாடம் கையில் எடுத்துப் புழங்கும் ஒரு சாமானியப் பொருளை, அதன் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, அதன் குணத்தையும் கோலத்தையும் சொல்லி, "அது என்ன?" என்று கேட்பதைக் காட்டிலும் எளிய விளையாட்டு வேறில்லை. பணம் வேண்டாம், பந்து வேண்டாம், வெளிச்சங்கூட வேண்டாம்.

ஆட்சி எல்லைகள் இங்கே பல முறை மாறியிருக்கின்றன. சேலம் ஜில்லாவில் இருந்த இப்பகுதி 1965-இல் தருமபுரி ஜில்லாவில் சேர்ந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதன் பகுதியாயிற்று. 1970-களில் தொழிற்பேட்டை எழுந்த பின்னர் வெளியூர்க் குடும்பங்களும் வந்து குடியேறின. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மாற்றி மாற்றிப் பேசும் குழந்தைகளை இங்கே சர்வ சாதாரணமாகக் காணலாம். ஒரு விடுகதையை எந்தப் பாஷையில் கேட்டோம் என்பது அவர்களுக்கு நினைவிருப்பதில்லை. விடை மட்டும் நினைவிருக்கும்.

விடுகதையின் இலக்கணத்தை நம்மவர் மிகப் பழங்காலத்திலேயே ஆராய்ந்திருக்கின்றனர். தொல்காப்பியர் செய்யுளியலில் இதனைப் பிசி என்று பெயரிட்டு, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு உவமையால் மறைத்துச் சொல்வது ஒரு வகை, உவமை எதுவும் இன்றிப் பொருளின் இயல்பையே சொல்லி அறியவைப்பது மற்றொரு வகை என்று இரண்டாகப் பகுத்தார். யானையைக் குறிக்கும் பழைய பிசி ஒன்றில் அதன் உடல் மலையாகிறது, தந்தம் பிறையாகிறது. இது முதல் வகை. 1963-இல் அமெரிக்க நாட்டுப்புறவியல் அறிஞர்களான ராபர்ட் ஜார்ஜஸும் ஆலன் டண்டெஸும் விடுகதைக்கு ஓர் அமைப்பு வரையறை தர முயன்றபோது, அவர்களும் உவமையால் வருவது, நேராக விவரிப்பது என்னும் வேற்றுமையை வகுத்தனர். அதோடு, கூறப்படும் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும் விடுகதைகளைத் தனியே பிரித்துக் காட்டினர். அந்த முரணில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். தண்ணீரில் பிறந்தது தண்ணீர் பட்டால் மாள்கிறது என்றால், பிறப்பித்ததே எப்படிக் கொல்லும் என்று மனம் திகைத்து நிற்கிறது. உப்பு என்னும் விடை வந்த கணத்தில் திகைப்பு நீங்கி, நாள்தோறும் பார்த்த பொருளை முதன்முறையாகப் பார்த்ததுபோல் ஓர் ஆனந்தம் உண்டாகிறது.

முரணை உண்டாக்கும் வழிகளில் மிகவும் ரஸமானது, ஒரு ஜாடையைக் காட்டிவிட்டு அதன் வழியே மனம் செல்லும் இடத்தை உடனே மறுத்துவிடுவது. தேங்காய் பற்றிய விடுகதை இதற்குப் பிரசித்தமான உதாரணம். மூன்று கண் உண்டு என்று சொல்லிச் சிவனை நினைக்கவைத்து, அவனல்லன் என்று தள்ளுவார்கள்; மரவுரி உடுத்தது என்று சொல்லி முனிவரை நினைக்கவைத்து, அவருமல்லர் என்பார்கள். இதே கற்பனையைப் பண்டிதர்கள் சம்ஸ்கிருத சுபாஷிதமாக ஓதுவர். பள்ளிக்கூடமே கண்டிராத பாட்டிமார் தங்கள் பாஷையில் பேத்திக்குப் போடுவர். பண்டிதரிடமிருந்து பாட்டி பெற்றாளா, பாட்டியிடமிருந்து பண்டிதர் பெற்றாரா என்று வழக்காடுவதில் எனக்கு விருப்பமில்லை.

மார்கழி, தை மாதங்களில் ஓசூர், பாகலூர், பேரிகைப் பக்கத்துக் கிராமங்களில் அவரை அறுவடைக் காலம். காயிலிருந்து உரித்த அவரைப் பயற்றை இரவில் ஊறவைத்து, மறுநாள் ஒவ்வொரு பயறாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துப் பிதுக்கினால், மேல்தோல் விரலில் தங்க, உள்ளே இருக்கும் பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் போய் விழும். அந்தப் பிதுக்கம்பருப்புக் குழம்புக்கும் கேழ்வரகுக் களிக்கும் இப்பகுதியில் ஈடு சொல்லமாட்டார்கள். ஒரு குடும்பத்துக்குப் போதுமான பருப்பைப் பிதுக்கி முடிக்க வெகுநேரம் பிடிக்கும். கைக்கு ஓயாத வேலை, வாய்க்கு வேலையில்லை. விடுகதை தழைப்பதற்கு இதனினும் தக்க சந்தர்ப்பம் வேறென்ன வேண்டும்?

அத்தகைய ஒரு மாலையில், தெலுங்கு பேசும் ஒரு வீட்டுத் திண்ணையில் நானும் அமர்ந்திருந்தேன். தெலுங்கும் தமிழும் கலந்து நடந்த சம்பாஷணையைத் தமிழிலேயே தருகிறேன். உச்சந்தலையில் வாய் இருக்கும், உண்டதை இடுப்பைச் சுற்றிலும் உமிழும், அது என்ன என்று வீட்டு மூதாட்டி கேட்டாள். நான்காம் வகுப்புப் பேரன் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "மிக்சி, அவ்வா!" என்றான். அவ்வாவுக்குக் கோபம். "மிக்சி எங்கடா இடுப்பால துப்புது? இராகி திரிக்கிற கல்லுடா!" என்றாள். அந்தக் கல் வீட்டின் பின்புறத்தில் துளசிச் செடிக்கு அண்டையில் கவிழ்ந்து கிடந்தது. மேற்கல்லின் கைப்பிடிக் குச்சி எப்போதோ போய்விட்டது. பையன் அதன்மேல் ஏறி விளையாடியிருக்கிறானே ஒழிய, அது சுழன்று மாவு கொட்டியதை ஒரு நாளும் கண்டதில்லை. கேழ்வரகு மாவு அவனுக்கு மில்லிலிருந்து பையில் வருகிறது.

அப்போது, தொழிற்சாலையில் காலை ஷிப்டு முடித்துவிட்டு வந்து பருப்புப் பிதுக்கிக்கொண்டிருந்த மூத்த பேத்தி, "நானும் ஒண்ணு போடறேன் அவ்வா" என்று தொடங்கினாள். "கழுத்தில தொங்குவேன், நகை இல்லை. உன் முகம் என்கிட்ட இருக்கு, கண்ணாடி இல்லை. என்னை மறந்துட்டுப் போனா, தெனம் பார்க்கிற வாட்ச்மேனுக்கே உன்னைத் தெரியாது. நான் யாரு?"

மூதாட்டி பயற்றைக் கையில் வைத்தபடியே யோசித்தாள். தாலியா என்றாள், இல்லை. தாயத்தா என்றாள், இல்லை. பிறகு, "ராத்திரி கழட்டி எங்கடி வைப்பே?" என்று கேட்டாள்.

"ஆணியில மாட்டிடுவேன்."

"அந்தப் போட்டோ ஒட்டின சீட்டா?" என்று அவள் கேட்டதும் வீடே சிரித்தது. ஆலையின் வாயிலைக்கூடப் பார்த்தறியாத அந்த மூதாட்டி, சுவரில் தொங்கும் பொருளைத் தினமும் கண்ணால் கண்டிருந்ததைக்கொண்டே அடையாள அட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பெண் தானே புனைந்தாளா, தோழிகளிடம் கேட்டாளா, தெரியாது. ஆனால் தேங்காய்க்கு அமைந்த அதே அச்சில், ஒரு ஜாடையைக் காட்டி மறுக்கும் அதே முறையில், அடையாள அட்டை வார்க்கப்பட்டிருப்பதைக் கண்டு நான் மெய்யாகவே வியப்படைந்தேன்.

விடுகதை அழிந்துவருகிறது என்று வருந்துவோர் பலர். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஏற்றம், உரல், திருகை, மரக்கால் முதலிய பொருள்கள் புழக்கத்தைவிட்டு அகன்றபோது அவற்றை விடையாகக் கொண்ட விடுகதைகளும் திக்கற்றுப் போயின. ஆயினும் அழிந்தவை பொருள்களே அன்றி, பொருளை உற்றுநோக்கும் பழக்கம் அன்று. கண்ணெதிரே உள்ளதை உற்றுநோக்கும் பழக்கம் உள்ளவரைக்கும், திருகை இருந்த இடத்தில் கேஸ் சிலிண்டரும், ஏற்றம் இருந்த இடத்தில் சொட்டுநீர்க் குழாயும், மரக்கால் இருந்த இடத்தில் மின்தராசும் வந்து தம்மைப்பற்றித் தாமே பேசத் தொடங்கும். சொற்சிலேடையை நம்பிய விடுகதைகள் ஒரு பாஷையின் வேலிக்குள்ளேயே நின்றுவிட, பொருளின் சுபாவத்தை நம்பியவை மட்டும் இந்த எல்லைப்புறத்தில் தடையின்றிப் போய்வருவதற்கும் இந்த உற்றுநோக்கலே காரணம்.

"அவன் யார், அது என்ன" என்று பொருளைப் படர்க்கையில் வைத்துக் கேட்பதே நம் கிராமத்துப் பெருவழக்கு. "நான் யார்" என்று பொருளே முன்வந்து பேசும் முறையைக் குழந்தைகள் இன்று பெரிதும் விரும்புகின்றனர். இதுவும் உலகில் பழையதே. லத்தீன் கவி சிம்போசியஸ் மூன்று மூன்று அடிகளாக நூறு விடுகதைகள் இயற்றினார். அவற்றில் பெரும்பாலானவற்றில் பொருள்களே தம் கதையைச் சொல்கின்றன. இங்கிலாந்தின் எக்ஸிடர் தேவாலயத்தில் காக்கப்பட்டுவரும், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கையெழுத்துப் பிரதி ஒன்றில் பழைய ஆங்கில விடுகதைகள் ஏறக்குறைய நூறு உள்ளன. கேடயமும் நங்கூரமும் நாணலும் தத்தம் துன்பங்களை எடுத்துரைத்து, என் பெயரைச் சொல் என்று கேட்கின்றன. விடைகள் எழுதிவைக்கப்படாமையால், பலவற்றைப்பற்றி அறிஞர்கள் இன்றளவும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். பொருளின் உள்ளே புகுந்து அதன் வாயால் பேச வேண்டுமாயின், அதற்கு எது இன்பம், எது உபாதை, அது எங்கே தேய்கிறது, யார் கையில் படுகிறது என்பவற்றையெல்லாம் குழந்தை யோசித்தே தீரவேண்டும். இதைக் காட்டிலும் நல்ல கட்டுரைப் பயிற்சியை நான் அறியேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகளும் பயில்கின்றனர். அவர்களைக்கொண்டே ஊர் விடுகதைகளைத் திரட்டலாம். கேட்ட பாஷையிலேயே, பேச்சுநடை கெடாமல் எழுதிக்கொள்ள வேண்டும்; எந்த வேலை நடக்கும்போது போட்டார்கள் என்பதைக் குறிக்க வேண்டும்; விடையான பொருள் வழக்கொழிந்ததாயின், அது எந்த மூலையில் கிடந்தாலும் தேடிப்பிடித்து, பிள்ளைகள் கையாலேயே அதன் படத்தை வரைவித்து, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் முதியோரிடம் கேட்டு எழுதுவிக்க வேண்டும். பிழையான விடைகளையும் விட்டுவிடலாகாது. திருகைக்கு மிக்சி என்று ஒரு பையன் சொன்னால், அந்த ஆண்டில் அந்த வீட்டு அடுக்களையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதற்கு அது நல்ல சாட்சி.