இசைக் கலைஞரின் மேலாளர்

இசை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்த பின்னர், மேடைக்குப் பின்புறம் சிறிது நேரம் நின்று பார்த்தால் ஒரு காட்சி தென்படும். பாடியவர் இளைப்பாறுவார், தாளக் கருவியாளர் தம் கருவிகளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்குவார், மேடையேறாத ஒருவர் மட்டும் கையில் ஒரு தாளுடன், விழாக் குழுவின் பொருளாளர் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். அவரே குழுவின் மேலாளர். துறையினர் மானேஜர் என்றே அழைப்பர். இத்தொழிலில் புக விரும்பும் இளைஞர் இன்று பலர் உளர். அவர்கள் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ள வேண்டுவன சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

திரைப்படத்தையோ பெரிய இசைத்தட்டு நிறுவனத்தையோ சாராமல், தம் பாடலைத் தாமே இயற்றி, தம் செலவிலேயே ஒலிப்பதிவு செய்து வெளியிடுவோரைத் தனித்தியங்கும் கலைஞர் என்கின்றோம். 1990இல் தில்லியில் தோன்றிய ‘இந்தியன் ஓஷன்’ குழு இவ்வழியில் நடந்தோருள் முற்பட்டது. அக்குழு 2010இல் தன் புதிய பாடல்களைத் திங்களுக்கு ஒன்றாக, எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளுமாறு இணையத்தில் வழங்கிற்று. அதே ஆண்டில் புனேயில் ‘என்.எச்.7 வீக்கெண்டர்’ விழாவும், 2012இல் அருணாசலப் பிரதேசத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஸீரோ இசை விழாவும் தொடங்கின. இக்கலைஞருள் பெரும்பாலோர்க்குப் பாடல் ஓர் அழைப்பிதழ். பிழைப்பு மேடையில்தான் உள்ளது. ஆதலின் மேலாளரின் வேலையும் பெரும்பகுதி மேடையைச் சுற்றியே அமைகின்றது.

வானொலியில் இத்தகைய இடையாளர்க்குத் தேவை எழுவதில்லை. குரல் தேர்வில் தேறித் தரம் பெற்ற கலைஞர்க்கு நிலையமே நேரே ஒப்பந்தம் அனுப்பும். தரத்திற்கேற்ற தொகையும் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். வெளியுலகில் அவ்வாறு வரையறை ஏதுமில்லை. ஒரே குழுவுக்கு ஒரு கல்லூரி இரண்டு இலட்சம் தரும். மற்றொரு கல்லூரி போக்குவரத்துச் செலவு மட்டும் தருவோம், பெயர் கிடைக்குமே என்று கூறும். பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருப்பது இதனாலேதான்.

மேலாளர் ஆகிறவர் பெரும்பாலும் குழுவின் நண்பர். உடன் படித்தவராகவோ, பக்கத்து வீட்டாராகவோ இருப்பார். நட்பினால் தொடங்குவதால் எதையும் எழுதிக்கொள்வதில்லை. ‘நூற்றுக்கு இருபது உனக்கு’ என்று வாய்மொழியாகக் கூறிவிட்டு வேலையில் இறங்கிவிடுவர். நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை மேலாளர் பெறுவது உலகெங்கும் உள்ள வழக்கமே. எதில் இருபது என்று கேளாமல் விடுவதில்தான் இடர் பிறக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம். ஷில்லாங்கிலிருந்து நால்வர் கொண்ட குழு ஒன்று பெங்களூரில் ஒரு கல்லூரி விழாவுக்குச் செல்வதாகக் கொள்வோம். (ஷில்லாங் இசைக்குப் பேர்போன ஊர், அவ்வூர்ப் பாடகர் லூ மஜாவ் 1972 தொடங்கி ஆண்டுதோறும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளை இசை விழாவாகவே கொண்டாடி வந்தவர்.) பேசிய தொகை 2,00,000 ரூபாய். ஷில்லாங்கிலிருந்து குவாஹாத்திக்கு வண்டி, அங்கிருந்து விமானம், கருவிகளின் மிகைச் சுமைக் கட்டணம், உடன்வரும் ஒலிப் பொறியாளரின் ஊதியம் ஆகிய எல்லாம் சேர்ந்து 1,20,000 ரூபாய் செலவாகின்றது. எஞ்சுவது 80,000. மொத்தத் தொகையில் இருபது விழுக்காடு எனில், மேலாளர்க்கு 40,000 போக, மீதி 40,000த்தை நால்வரும் ஆளுக்குப் பத்தாயிரமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இசைத்த நால்வரும் சேர்ந்து பெறுவதை, இசைக்காத ஒருவர் தனியே பெறுகின்றார்! செலவு போக எஞ்சியதில் இருபது விழுக்காடு எனில், மேலாளர்க்கு 16,000. நால்வர்க்கும் தனித்தனியே அதே 16,000.

முதற் கணக்கைக் கண்டு குழுவினர் முகம் சுளிப்பர். ஆயினும் மேலாளர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. செலவு போக எஞ்சியதில்தான் பங்கு எனில், குழுவினர் உயர்ந்த விடுதியில் தங்கியும் வேண்டாத ஆள்களை உடன் அழைத்து வந்தும் எச்சத்தைக் கரைத்துவிடக் கூடும். ஆதலின் தொகை சிறிதாக உள்ள தொடக்க ஆண்டுகளில் எச்சத்தில் பங்கு பெறுவதும், கழிக்கத்தக்க செலவு எவை, அவற்றின் உச்ச அளவு என்ன என்பதை முன்னரே எழுதிக்கொள்வதும் தக்கன என்பது நம் கருத்து. பயணத்தையும் தங்குமிடத்தையும் விழாவினரே ஏற்றுக்கொண்டால் இச்சிக்கல் பெரிதும் தீரும். அங்ஙனம் பேசி முடிப்பதே மேலாளரின் முதல் திறமை.

ஆண்டுக்குப் பத்து நிகழ்ச்சிகள் கிடைத்தாலும் மேற்கூறிய கணக்குப்படி மேலாளர் பெறுவது 1,60,000 ரூபாயே. பெருநகர வாழ்வுக்கு இது போதாது. வேறு ஒரு வேலையைக் கைவிடாமல் வைத்துக்கொண்டு இதில் இறங்குவதே நன்று. வேலையை விட்டுவிட்டு வந்தவர், கைச்செலவுக்காகத் தகாத நிகழ்ச்சிகளுக்கெல்லாம் குழுவை ஒப்புக்கொள்ள நேரிடும்.

பேசிய தொகையில் பாதியேனும் பயணச்சீட்டு வாங்குமுன் கைக்கு வரவேண்டும். மீதி, மேடையேறுமுன் வரவேண்டும். எத்தனை ஒலிவாங்கிகள், எவ்வகை டிரம் செட், எத்தனை ஆம்ப்ளிஃபையர்கள், ஒலி சரிபார்க்க எவ்வளவு நேரம் என்பவற்றைக் கூறும் பட்டியலைத் துறையினர் ரைடர் என்பர். அது ஒப்பந்தத்தோடு இணைந்தே செல்லவேண்டும். தொகை தருவோர் வருமான வரிக்காக வழக்கமாகப் பத்து விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வர். அது தொலைந்த பணமன்று. பான் எண்ணைப் பிழையின்றிக் கொடுத்து, பிடித்தமைக்குச் சான்றிதழும் பெற்றுக்கொண்டால், ஆண்டிறுதியில் கணக்குக் காட்டும்போது வரவாகும்.

இனி, பாடலின் உரிமை. நண்பர்கள் பகைவராவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பாடலில் இருவேறு உடைமைகள் உள்ளன. சொல்லும் மெட்டும் ஒன்று. அவற்றைப் பதிந்த ஒலிப்பதிவு மற்றொன்று. ஒலிப்பதிவுக்குப் பணம் கொடுத்தவர் பாடலை இயற்றியவர் ஆகார். நால்வர் அமர்ந்து ஒரு பாடலை உருவாக்கினால், டிரம் வாசித்தவர்க்கு அதில் பங்குண்டா? சட்டம் இதனைக் குழுவின் உடன்பாட்டுக்கே பெரிதும் விட்டுவிடுகின்றது. பாடல் முடிந்த அன்றே, புகழ் வருமுன்னரே, யார்க்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதி நால்வரும் கையொப்பமிடுமாறு செய்வது மேலாளர் கடமை. பாடல் வெற்றி பெற்ற பின்னர் எழுதப் புகுந்தால், ஒவ்வொருவர் நினைவும் ஒவ்வொரு வகையாக இருக்கும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பெற்றது. அதன்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையைப் பிறர்க்கு எழுதிக் கொடுத்த பின்னும், அப்பாடலின் பயன்பாட்டுக்கு வரும் ராயல்டியில் உரிமை பெற்றவரோடு சமபங்கு பெறும் தகுதியை இழக்கமாட்டார். தாமே விட்டுக்கொடுக்க எண்ணினாலும் சட்டம் இடந்தராது. வாரிசுக்கும் உரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதனை அளிக்கலாம். அத்தகைய சங்கம் 1969இல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். என்பது. அதில் உறுப்பினராகாத பாடலாசிரியர் தமக்கு வரவேண்டியதைத் தாமே பெறாமல் விடுகின்றார். நிறுவனம் நீட்டும் ஒப்பந்தத்தில் கால அளவு கூறப்படாவிடின் ஐந்தாண்டு என்றும், நில எல்லை கூறப்படாவிடின் இந்தியா என்றும் அச்சட்டம் கொள்கின்றது. இதனை அறிந்தே நிறுவனத்தார் ‘என்றென்றும், உலகெங்கும்’ என்னும் சொற்களை மறவாமல் சேர்ப்பர். மேலாளர் முதலில் தேடிப் படிக்க வேண்டிய வரி அது. ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை மீளும் என்பதும் சட்டத்தில் உண்டு. ஒப்பந்தம் வேறு கூறினால் அதுவும் இல்லை. பதினெட்டு வயது நிரம்பாத கலைஞர் இட்ட கையொப்பம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி செல்லாது என்பதையும் நினைவிற் கொள்க.

மேலாளர் தம் ஒப்பந்தத்தை ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு எழுதிக்கொள்ளட்டும். தாம் பேசி முடித்த நிகழ்ச்சி, தாம் விலகிய பின்னர் நடந்தால் அதில் பங்குண்டா என்பதையும் எழுதட்டும். பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கே வரவேண்டும்; தம் சொந்தக் கணக்கின் வழியே பிறர் பணத்தைக் கடத்துகிறவர், நேர்மையாளரேயாயினும், ஒருநாள் ஐயத்துக்கு ஆளாவார். இணையத்தில் பாடலை வெளியிடும் விநியோகக் கணக்கும் கலைஞர் பெயரிலேயே இருத்தல் வேண்டும். பிரியும் நாளில் ஒப்படைக்க வேண்டியவை அக்கணக்கின் கடவுச்சொல், ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய பன்னிரண்டு எழுத்தெண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டுப் பட்டியல், நால்வரும் ஒப்பமிட்ட பங்குத் தாள்கள், வரவேண்டிய பாக்கிகளின் கணக்கு ஆகியன. அடுத்து வரும் மேலாளர் முதல் நாளிலேயே கேட்கப்போவது இவற்றைத்தான்.